ஓட்டை கடைசியில்தான்

பெல்ட் ஓரம் தேய்க்கும்போது வேறு எதையும் நினைக்கக் கூடாது. ஆனால் நினைக்காமல் யாரால் தேய்க்க முடியும். கை அது பாட்டுக்குப் போகும், தலை அது பாட்டுக்குப் போகும். உப்புத்தாள் முதலில், அப்புறம் ஈரத்துணி, அப்புறம் புளியங்கொட்டைக் கூழ், அப்புறம் கட்டையால் தேய், சூடு ஏறுகிற வரைக்கும் தேய். சூடு ஏறினால்தான் இரண்டு தோலும் ஒரே தோலாகும். மேலே எருமை, உள்ளே ஆடு, நடுவில் ஒட்டுகிற சொல்யூஷன். பக்கவாட்டில் பார்த்தால் கிரீம் பிஸ்கட் மாதிரி கோடு தெரியும். தெரியக் கூடாது. தெரிந்தால் அது அவசர வேலை. எனக்கு எல்லாவற்றிலும் அவசரம்தான், சாப்பாட்டில், பேச்சில், தெருவில் நடப்பதில், ஆனால் ஓரத்தில் மட்டும் அவசரம் கிடையாது, ஏன் என்று எனக்கே தெரியவில்லை. கோயிலுக்குப் போன பாவாடையைக்கூட மாற்றாமல் துணி துவைக்கிற கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் இதைவிடக் கெட்டியான இடம் இல்லை. அம்மா துணி வாளியோடு வந்து நின்றாள். “ஏய் எமி, அந்தக் கல்ல விட்றியா இல்லியா? வாரத்துக்கு ஒரு நாள் லீவு, நான் எங்க போயி தொவைக்கிறது?” “நாளைக்குத் தொவச்சிக்கோ.” “நாளைக்கு உங்க மொதலாளி வந்து எனக்குப் பதிலா ஷூ கம்பெனி மெஷின்ல உக்காருவானா?” கட்டை சூடாகிவிட்டது. இப்போது நிறுத்தினால் கூழ் பொருக்குத் தட்டும். “இன்னிக்கு சாயங்காலம் ரயிலும்மா, அதுக்குள்ள முடிக்கணும்” என்றேன். அம்மா வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள், வாளியை வைத்த சத்தத்திலேயே எல்லாத் திட்டும் இருந்தது.

ரயில் எனக்கு இல்லை, கெத்சிக்கு. என் தங்கை. முழுப்பெயர் கெத்சியாள், நான் எமீமாள். பைபிளில் வருகிற யோபுவின் மகள்கள் பெயரைத்தான் நைனா எங்களுக்கு வைத்தார். யோபுவுக்கு மூன்றாவதாக ஒருத்தி உண்டு, கேரேனாப்புகு. “இன்னொண்ணு பொறந்திருந்தா உங்க நைனா அதத்தான் வெச்சிருப்பாரு, அதுக்குப் பயந்துகினே ரெண்டோட நிறுத்திட்டேன்” என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். கெத்சி எடை தூக்குகிறவள். பளுதூக்கும் வீராங்கனை என்று பேப்பரில் போட்டார்கள், வீட்டில் எடை தூக்குறவ, அவ்வளவுதான். நாளைக்குக் கோயம்புத்தூரில் மாநிலப் போட்டி. எடை தூக்குகிறவளுக்குப் பெல்ட் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். மூச்சை வயிறு நிறைய இழுத்துப் பிடித்து, அந்த வயிற்றைப் பெல்ட்மேல் முட்ட வேண்டும். பெல்ட் அசையக் கூடாது. அது அசையாவிட்டால் முதுகு அசையாது, முதுகு அசையாவிட்டால் தலைக்கு மேல் கம்பி நிற்கும். மாவட்டப் போட்டியில் அவள் போட்டிருந்தது ஜிம்மில் இருந்த பழைய பெல்ட், ஒட்டுகிற பட்டை வைத்தது. கம்பி தோளிலிருந்து மேலே போகிற நேரத்தில் பர்ர்ரென்று ஒரு சத்தம். நான் முன்வரிசையில் இருந்தேன், எனக்கு நன்றாகக் கேட்டது, துணி கிழிகிற மாதிரி. பெல்ட் பிரிந்து தொங்கியது, கம்பி பின்பக்கம் விழுந்தது, கெத்சி முன்பக்கம் விழுந்தாள். எழுந்து தூசி தட்டிக்கொண்டாள், சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் அதற்கப்புறம் கம்பியைத் தூக்கும் முன் அவள் கை இடுப்புக்குப் போய்ப் பெல்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. தினமும் பார்க்கிறேன். தொட்டுப் பார்க்கிற நேரத்தில் மூச்சு போய்விடுகிறது. அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட்டேன், “உனக்குப் பெல்ட் நான் செய்றேன்டி, பிரிஞ்சா என் பேர மாத்திக்கோ.” “கேரேனாப்புகுன்னா?” என்றாள். அந்த நிலைமையிலும் கொழுப்பு.

அந்தச் சத்தத்துக்காகத்தான் ஒட்டுப்பட்டை வேண்டாம், பக்கிள். அந்தச் சத்தத்துக்காகத்தான் இயந்திரத் தையல் வேண்டாம், கைத் தையல். மெஷின் தையலில் ஓர் இடம் அறுந்தால் நூல் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். கைத் தையலில் ஒரே நூலுக்கு இரண்டு முனையிலும் ஊசி, ஒரே ஓட்டையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று, இரண்டும் உள்ளே ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடிக்கும். இழுக்கும்போது இரண்டு கையையும் விரிக்க வேண்டும், சிலுவையில் அறைந்த மாதிரி. இந்த வாரம் முழுக்க வேலை விட்டு வந்து அப்படித்தான் விரித்து விரித்து இழுத்தேன், சுண்டுவிரல் பக்கத்தில் நூல் அறுத்த கோடு இருக்கிறது, மெழுகு போட்ட நூல், கண்ணாடி மாதிரி அறுக்கும். தையல் கோடு நேராக வர நான் எடுத்தது பள்ளிக்கூடத்து ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த கவராயம். ஒரு முனையை ஓரத்தில் வைத்து மறு முனையால் இழுத்தால் ஓரத்தோடு ஒட்டியே கோடு போகும், வளைகிற இடத்தில் தானே வளையும். கணக்கு டீச்சர் அதை வைத்து முக்கோணத்துக்குள் வட்டம் போடச் சொன்னார், எனக்கு ஒருநாளும் வட்டம் முக்கோணத்துக்குள் அடங்கியதில்லை. பதினொன்றாவதில் பாதியில் நின்றேன். பணமில்லை, கஷ்டம், அதெல்லாம் கிடையாது, அப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும், ஆனால் பொய். உட்கார முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் ஆடும், கை எதையாவது கிழிக்கும். உன்மேல் தோல் வாசனை அடிக்குது என்று பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பிடித்தாள், அவள் போட்டிருந்த ஷூவை என் அம்மா தைத்திருக்கலாம், அதை அவளிடம் சொன்னேன், அவள் அழுதாள், என்னை வெளியே நிறுத்தினார்கள். வெளியே நிற்பது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்படியே நடந்து வந்துவிட்டேன் என்று சொல்ல ஆசை, அதுவும் பொய், மறுநாளும் போனேன், மறுவாரமும் போனேன், ஒருநாள் போகவில்லை. அவ்வளவுதான். படிப்பு ஏறவில்லையென்றால் ஏறவில்லை. இது ஏறியது.

ஏறியதா என்று இந்தத் தோலைத்தான் கேட்க வேண்டும். நான் வேலை செய்கிற பட்டறையில் கைப்பை செய்கிறார்கள், பெல்ட் செய்கிறார்கள், என் வேலை சொல்யூஷன் தடவுவதும் தைப்பதும். வெட்டுவது முனீர் பாய். அவர் கத்தியை யாரும் தொடக் கூடாது. “பொம்பளப் புள்ள கத்தி புடிச்சா தோலு கோணும்” என்பார். “உங்க வீட்ல காய் நறுக்குறது யாரு பாய்?” என்றேன். பட்டறையே சிரித்தது, அவரும் சிரித்தார், ஆனால் கத்தியைக் கொடுக்கவில்லை. எருமைத் தோல் ஒன்றை முதுகில் நீளமாக ஒரு கீறல் இருக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள், வெளிநாட்டுக்குப் போகாது. எருமை முள்வேலியில் நுழைந்திருக்க வேண்டும், ஆறிப்போன கீறல். அதில் ஒரு பட்டை கேட்டேன். “வயித்துப் பக்கம் எடுத்துக்கோம்மா, கீறல் இல்லாம வழவழன்னு இருக்குது” என்றார். தோலை மடித்துப் பார்த்தால் தெரியும். வயிற்றுப் பக்கம் மடித்தால் சுருக்கம் தொளதொளவென்று பெரிதாக விழும், அது இழுக்க இழுக்க நீளும். முதுகுப் பக்கம் மடித்தால் சுருக்கம் மயிரிழை மாதிரி நெருக்கமாக விழும், அது நீளாது. “முதுகுல குடு பாய், கீறலோட.” “பாக்க அசிங்கமா இருக்கும்.” “பாக்கறதுக்கு இல்ல, தூக்கறதுக்கு.” அவர் வெட்டப் போனார், நானே வெட்டுகிறேன் என்றேன். கத்தியைத் துணியில் துடைத்தார். பிறகு டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனார், கத்தியை மேசைமேலேயே விட்டுவிட்டு. நான் அளவுக்கு வெட்டிய அட்டையைத் தோல்மேல் வைத்தேன். அகலம் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, போனால் மேடை ஏறும் முன்பே கழற்றச் சொல்வார்கள், அதனால் ஒரு நூல் அளவு குறைத்து வெட்டினேன். கத்தியை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. நிறுத்தினால் அந்த இடத்தில் பல் விழும். மூச்சு விடாமல் முனையிலிருந்து முனைவரை இழுத்தேன், கோணவில்லை. முனீர் பாய் திரும்பி வந்து எடுத்துப் பார்த்தார், நேர்க்கட்டையை ஓரத்தில் வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்தார். மனுஷன் ஏதாவது தப்பு கிடைத்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்.

அந்தக் கீறல் இப்போது பெல்ட்டின் பின்பக்கம் நடுவில் வருகிறது, சரியாகக் கெத்சியின் முதுகெலும்புக்கு மேல். நான் அப்படித்தான் அட்டையை வைத்தேன். எருமையின் முதுகு இவள் முதுகில். ஓரம் முடிந்தது. பக்கிள் முனையை நேற்றே சீவிவிட்டேன், மடிக்கிற இடத்தில் தோல் பாதிக் கனம்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கிளுக்குப் பின்னால் தொந்தி மாதிரி துருத்தும். சீவும்போதுதான் பயம். கொஞ்சம் அழுத்தினால் மெல்லியதாகிவிடும், அங்கேதான் எல்லா இழுப்பும் வந்து விழும். மெல்லியதாகிவிட்டதா? இல்லை. தொட்டுப் பார்த்தேன், இல்லை. மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். கெத்சி மாதிரியே நானும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், சீ. பக்கிளை நுழைத்தேன், பெல்ட் நுனியை அடக்குகிற லூப்பை நுழைத்தேன், மடித்தேன், தைக்க ஊசியை எடுத்துவிட்டு மறுபடி லூப் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பட்டறையில் புதிதாக வருகிற எல்லோரும் லூப்பை மறந்துவிட்டுத் தைத்துவிடுவார்கள், பிறகு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். தைத்தேன். மேலே இரண்டு ரிவெட் அடித்தேன். கல்மேல் சுத்தி விழுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது, அந்த அக்கா, “எமி, ஞாயித்துக்கெழம கூடவா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். அந்தப் பக்கமிருந்து பிரியாணி வாசனையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் மூச்சு விட்டாலே பாதி வயிறு நிறைந்துவிடும். பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தேன். கனம். நன்றாக எண்ணெய் குடித்த மாநிறம், எங்கள் நிறம். இரண்டு கையாலும் பிடித்து, நடுவில் காலை வைத்து, முதுகு வலிக்க இழுத்தேன். பெல்ட் முனகக்கூட இல்லை. இதை நான் செய்தேன். சத்தமாகச் சொன்னேனா மனதுக்குள் சொன்னேனா தெரியவில்லை. இந்தத் தெருவில் எத்தனையோ பேர் தோலில் வேலை செய்கிறார்கள், ஆனால் வெட்டுகிறவர் வெட்டுவார், சீவுகிறவர் சீவுவார், ஒட்டுகிறவர் ஒட்டுவார், தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு பொருள் ஒருத்தர் கையிலேயே இருந்ததாக எனக்குத் தெரிந்து யாருமில்லை. எனக்கு இருந்தது. இனி ஓட்டை மட்டும்தான்.

பட்டறையில் ஓட்டை முதலிலேயே போட்டுவிடுவார்கள். தோல் தட்டையாக இருக்கும்போதே மெஷினில் வைத்து ஒரே அமுக்கில் வரிசையாக. நான் அதை மட்டும் கடைசிக்குத் தள்ளினேன், ஏனென்றால் இது வரிசையாகப் போடுகிற ஓட்டை இல்லை. சாதாரண பெல்ட்டில் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் ஓர் அங்குலம் இடைவெளி, பேன்ட் நிற்பதற்கு அது போதும். எடை தூக்குகிறவளுக்கு ஓர் அங்குலம் என்பது ரொம்ப தூரம். இந்த ஓட்டையில் லூஸ், அடுத்த ஓட்டையில் மூச்சு முட்டும். நடுவில் இன்னொன்று போடலாம் என்றால் ஓட்டைகள் நெருங்கிவிடும், இழுப்பில் ஒன்றோடொன்று கிழிந்துகொள்ளும். ஆகவே சரியான இடம் ஒன்று, அதில் போட வேண்டும். அளவு என்னிடம் இருந்தது. போன மாதம் பாவாடை நாடாவால் அவள் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். நாடாவைப் பெல்ட்மேல் நீட்டினேன், ஓட்டை போடுகிற பஞ்ச் உளியை முடிச்சுக்கு நேரே நிறுத்தினேன், சுத்தியைத் தூக்கினேன். கை அப்படியே நின்றுவிட்டது. ஊக்கு. காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது கெத்சி என்னிடம் ஊக்கு கேட்டாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, மடித்து ஊக்கு போட்டாள், நான்தான் எடுத்துக் கொடுத்தேன், வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன், ஒன்றும் தோன்றவில்லை. இந்த மாதம் முழுக்க அவள் எடை குறைக்கிறாள். ஜிம்மில் பயிற்சி கொடுக்கிற பூபாலன் மாஸ்டர் அவளை ஓர் எடைப் பிரிவு கீழே இறக்கிவிட்டார், கீழே இறங்கினால் பதக்கம் நிச்சயமாம். சோறு கிடையாது, நேற்றிலிருந்து தண்ணீரும் கணக்காகத்தான், உடம்பில் இருக்கிற ஈரம் குறைய ஒரு டம்ளரில் எச்சில் துப்பிக்கொண்டே இருக்கிறாள். கோயிலில்கூடக் கைக்குட்டையில். இந்த நாடா போன மாதத்துக் கெத்சி. அந்தக் கெத்சி இப்போது இல்லை. சுத்தியை இறக்கினேன். ஒரு நொடி, அவ்வளவுதான் இடைவெளி, எருமை, கீறல், ஒரே இழுப்பு, விரலை அறுத்த தையல், எல்லாம் ஓர் அடியில் போயிருக்கும்.

சரி, கோயிலிலிருந்து நேரே ஜிம்முக்குப் போயிருக்கிறாள், அவள் வரட்டும், வந்ததும் இடுப்பில் வைத்துப் போடுகிறேன், அவ்வளவுதானே என்று பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதானா? இல்லையே. நாளைக்குக் காலையில் எடை பார்ப்பார்கள். எடை பார்த்து முடிந்ததும் தின்பாள். அதற்கும் போட்டிக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும், அந்த நேரத்தில் எல்லோரும் ஒரு மாதத்துப் பசியைத் தின்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், போன தடவை பார்த்தேன், எடை மேடையிலிருந்து இறங்குகிற இடத்திலேயே வாழைப்பழத்தை உரித்தார்கள். அப்போது வயிறு வேறு. ஆகவே போன மாதத்து இடுப்பு இல்லை, இன்றைக்கு இருக்கிற ஒட்டின இடுப்பும் இல்லை, நாளைக்குத் தின்ற பிறகு ஓர் இடுப்பு வரும், அது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னும் இல்லாத இடுப்புக்கு எப்படி ஓட்டை போடுவது. லூஸாகப் போட்டால் அவள் வயிறு முட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, கை தொட்டுப் பார்க்கப் போகும், மூச்சு போகும், பர்ர்ர். இறுக்கிப் போட்டால் மாட்டவே மாட்டாது, எல்லோருக்கும் முன்னால் பெல்ட்டை இழுத்துக்கொண்டு நிற்பாள், நேரம் ஓடும், மணி அடிப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்த அக்கா ஒரு தட்டு நீட்டினாள். “கெத்சி வர்றதுக்குள்ள தின்னுடு, அந்தப் புள்ள பாத்தா பாவம்.” தின்றேன். சுவரோரம் நின்றுகொண்டு, வேகமாக, எலும்பைக்கூடச் சரியாகக் கடிக்காமல் தின்றேன். தின்றதும் என் பாவாடை நாடா இறுகியது. அதைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு தட்டுக்கு இவ்வளவு. ஆனால் நான் தினமும் தின்கிறவள், என் வயிறு அவள் வயிறு இல்லை. கை கழுவினேன், வாய் கொப்பளித்தேன், வாசனை போகவில்லை. பெல்ட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ்ஸுக்குக்கூட நடந்தே போய்விடுகிறவள் நான். வெயில் சுவரில் ஏறிக்கொண்டே போயிற்று, வாளித் துணியில் ஈ உட்கார்ந்தது, நான் உட்கார்ந்தே இருந்தேன்.

ஆட்டோ சத்தம் கேட்டது. கெத்சி உள்ளே வந்தாள், கையில் அந்தக் கைக்குட்டை, கன்னம் உள்ளே போயிருந்தது, கண் மட்டும் பெரிதாக. “முடிச்சிட்டியாக்கா?” “இங்க வா, நில்லு.” “பேக் எடுக்கணும், மாஸ்டர் ஆட்டோவுல இருக்காரு.” “நில்லுடின்னா.” பெல்ட்டைப் பார்த்தாள். கையில் வாங்கவில்லை, விரலால் ஓரத்தை மட்டும் தடவினாள், முழுச் சுற்றும் தடவினாள். “நடுவுல கோடே தெரியலக்கா” என்றாள். “ஓட்ட எங்க?” “அதுக்குத்தான் நிக்கச் சொல்றேன்.” அதற்குள் மாஸ்டரே உள்ளே வந்துவிட்டார். கடிகாரத்தைக் காட்டினார். அவர் கெட்டவர் இல்லை, எப்போதும் ஒரு ரயிலுக்கு நேரமாகிற மாதிரியே இருப்பவர், அவ்வளவுதான். “இன்னும் ஓட்டையே போடலியாம்மா? பழைய அளவுக்கும் இன்னிக்கு அளவுக்கும் பாதியில போட்டுவிடு, சரியா வந்துடும்.” பாதி. மாஸ்டருக்கு எல்லாம் பாதி, கூட்டு, கழி. எனக்கு அந்த வட்டமும் முக்கோணமும் ஞாபகம் வந்தது, போ என்று அதைத் தள்ளினேன். கெத்சியின் இடுப்பில் பெல்ட்டைச் சுற்றினேன். ஒட்டிப்போன வயிறு. சின்ன வயதிலிருந்து ஒரே பாயில் கிடந்த வயிறு, ராத்திரியில் பசித்தால் முதலில் சத்தம் போடுகிற வயிறு, இப்போது சத்தம் போடக்கூட அதில் ஒன்றும் இல்லை. என் இடது கையை விரித்துப் பெல்ட்டுக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவில் வைத்தேன். அப்படி வைக்க வேண்டும் என்று யோசித்து வைக்கவில்லை, வைத்த பிறகுதான் ஏன் வைத்தேன் என்று தெரிந்தது. நாளைக்கு அவள் தின்கிறது இந்த இடத்தில்தான் வந்து உட்காரும். “மூச்ச இழு. மேடையில இழுக்குற மாதிரி இழு. கம்பி கழுத்துல இருக்குது. இப்போ முட்டு.” இழுத்தாள். முட்டினாள். வலது கையால் நான் பெல்ட்டைப் பக்கிள் வழியே இழுத்தேன். இடது கை நடுவில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் இழுத்தேன், வலிக்கவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், எருமைத்தோல் ஒரு பக்கமும் தங்கச்சி ஒரு பக்கமும் அமுக்க, விரல் எலும்பு ஒன்றோடொன்று உரசியது. இதுதான். இதற்கு மேல் நகராது, இதற்குக் கீழ் பிடிக்காது. “அம்மா!” என்று கத்தினேன். “குத்தூசிய எடு. பக்கிள் முள்ளு இருக்கிற எடத்துல குத்து.” அம்மா ஓடி வந்தாள், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, இத்தனை வருஷம் ஷூ தைத்தவள், முள்ளின் நுனியில் ஊசியை வைத்துச் சரியாக ஒரு குத்து. கையை உருவினேன். வெளுத்துப் போயிருந்தது, பிறகு ரத்தம் வந்து சிவந்தது.

கல்மேல் வைத்தேன். பஞ்ச் உளியை அம்மா குத்திய புள்ளியில் நிறுத்தினேன். ஒரே அடி. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், ஓட்டை வழியாகக் கெத்சியின் கண் தெரிந்தது, அவளும் அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கழுதை. மாட்டினாள். “லூசா இருக்குதே” என்றாள். “இப்ப லூசாதான்டி இருக்கும். வயித்துல ஒண்ணும் இல்ல. நாளைக்குத் தின்னுட்டு மாட்டு.” மாஸ்டர் குனிந்து பார்த்தார். “ஒரே ஒரு ஓட்டையா? ஓர் அங்குலம் தள்ளி இன்னொண்ணு போட்டு வெச்சா நல்லதுதானேம்மா, ஒரு ரிஸ்க்குக்கு?” போடலாம். ஓர் அங்குலம் தள்ளிப் போட்டால் ஒன்றும் கிழியாது, எனக்குத் தெரியாதா. “ரெண்டு இருந்தா எதுல மாட்டுறதுன்னு யோசிப்பா மாஸ்டர். கம்பிக்கு முன்னால நின்னுகினு யோசிக்கக் கூடாது.” அவர் கெத்சியைப் பார்த்தார். கெத்சி கூரையைப் பார்த்தாள். மாஸ்டர் தோள்பையைத் திறந்து ஒரு பெல்ட்டை எடுத்தார், கடையில் வாங்கியது, புதுசு, பளபளவென்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை, உள்ளே வரிசையாக ஓட்டை ஓட்டையாக இருந்தது. “சும்மா கையில இருக்கட்டும்னு நேத்து வாங்கினேன். எமி, நீ தப்பா எடுத்துக்காதம்மா.” நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் எனக்குள் இருந்த இன்னொருத்தி சொன்னாள், எடுத்துட்டுப் போகச் சொல்லு, இருக்கட்டும், ஒருவேளை உன் கை தப்பாகச் சொல்லியிருந்தால், ஒருவேளை அவள் ஒரு வாய் கூடத் தின்றுவிட்டால், ஒருவேளை பயத்தில் ஒன்றும் தின்னாமலே போனால். வாய் வரைக்கும் வந்துவிட்டது. கெத்சி அந்தப் பெல்ட்டை வாங்கினாள், அம்மா கையில் கொடுத்தாள். “இத உள்ள வெய்யிம்மா. ரெண்டு எடுத்துகினு போனா அதுலயும் யோசிப்பேன்” என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டுமா, அது நல்ல அக்காவா, சொல்லாமல் விட்டது தலைக்கனமா, தெரியவில்லை, தலைக்கனம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவள் என் பெல்ட்டைக் கழற்றவே இல்லை, பாவாடைமேலேயே மாட்டிக்கொண்டு, அது இடுப்பில் கீழே நழுவ ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் பையோடு தெருவில் நடந்து போனாள், எங்கள் தெருவே பார்த்தது, பார்க்கட்டும்.

ஆட்டோ கிளம்பிவிட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, எவ்வளவு தின்பது என்று சொல்லவில்லையே. செருப்பில்லாமல் ஓடினேன். முனைக்கு வருவதற்குள் ஆட்டோ திரும்பப் போகிறது. “கெத்சீ!” தலை வெளியே வந்தது. “நாளைக்கு ரெண்டு முட்ட, ஒரு தட்டு சோறு! அதுக்கு மேல ஒரு வாய் தின்ன, பெல்ட் மாட்டாது! அதுக்குக் கொறவா தின்னாலும் கொன்னுடுவேன்!” டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான். “முட்ட அவிச்சதா, ஆம்லெட்டாக்கா?” என்று ஆட்டோவிலிருந்து கத்தினாள். ஆட்டோ திரும்பியது. அவிச்சது, அவிச்சதுடி என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன், இடது கை இன்னும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது, நல்ல வலி.